வரியில்லாக் கரையில் ஒரு வராந்தா

ஹாரோ ஃபால்ஸ், வெர்மான்ட்
ஏப்ரல் மாதம், சேறு இன்னும் காயவில்லை

மதிப்பிற்குரிய மச்சான் ஹோலிஸ் கோல்பர்ன் அவர்களுக்கு, தங்கள் தங்கை காலஞ்சென்ற கொரினின் கணவன் லூசியன் ரோபிடோ வணக்கம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கே நானும், மகள் டெல்ஃபினும், என் இடது முழங்காலும் ஒருவாறு நலம். அங்கே தாங்களும், தங்கள் நாய் மேஜரும், முக்கியமாகத் தங்கள் வீட்டு முன் வராந்தாவும் சேதமில்லாமல் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனுக்கு எதற்கடா கடிதம், போன் இல்லையா என்று கேட்பீர்கள். போன வாரம் போனில்தான் சொன்னேன். “மச்சான், இனிமே என் பார்சல் எதுவும் உங்க வீட்டுக்கு வராது” என்றேன். நீங்கள் “சரி” என்றீர்கள். மேலே பேசுவதற்கு நான் மூச்சை இழுப்பதற்குள் போனை வைத்துவிட்டீர்கள். போனில் நீங்கள் எப்போதும் அப்படித்தான், அது எனக்குப் புதிதில்லை. ஆனால் அந்தச் “சரி” எந்தச் “சரி” என்றுதான் எனக்குப் புரியவில்லை. கோபத்தில் சொன்னதா? விட்டது தொல்லை என்ற நிம்மதியில் சொன்னதா? இல்லை, அடுப்பில் ஏதாவது தீய்ந்துகொண்டிருந்ததா? ஒரு வாரமாக இதையே போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். எதுவாக இருந்தாலும், நான் உங்களுக்குச் சொல்ல வேண்டிய நன்றி பாக்கி இருக்கிறது. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவீர்கள். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் பிறகு மீதியைப் படித்துத்தானே ஆக வேண்டும்?

கொரின் இருந்த காலத்தில் நமக்குள் பெரிய ஒட்டுதல் இருந்ததாக நான் எழுதினால் அவளே எழுந்து வந்து சிரிப்பாள். நன்றித் திருநாளுக்கு ஒரு தடவை, கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை, வான்கோழியை நடுவில் வைத்துக்கொண்டு நீங்கள் எங்கள் மாநிலத்து வரிகளைத் திட்டுவீர்கள், நான் உங்கள் மாநிலத்துச் சாலைகளைத் திட்டுவேன், அவள் குழம்புக் கிண்ணத்தை இரண்டு பேருக்கும் நடுவில் நகர்த்திக்கொண்டே இருப்பாள். அவளை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்து வாசலில் என் கையைக் குலுக்கி “பாப்போம் மாப்ளே” என்றீர்கள். “பாப்போம் மச்சான்” என்றேன். பார்க்க மாட்டோம் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். நம் பக்கத்து ஆண்கள் காரணமில்லாமல் அடுத்தவன் வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை. சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என எவனாவது சொன்னால், டாக்டர் ஏதோ சொல்லிவிட்டார் போலிருக்கிறது என்று பயந்துபோய் அவனுக்கு நாற்காலி போடுவோம்.

அப்படி ஒரு காரணமும் இல்லாமல் இருந்த எனக்கு, அதற்குப் பிறகு வந்த இலையுதிர்காலத்தில் பனி தள்ளும் எந்திரம் உயிரை விட்டு ஒரு காரணத்தைக் கொடுத்தது. புதிது ஒன்றை ஓஹையோவில் இருக்கும் ஒரு கடையில் ஆன்லைனில் பார்த்தேன். விலை கட்டுப்படியாகத்தான் இருந்தது. டெல்ஃபின் சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிக்கொண்டே போனால், கடைசிப் பொத்தானுக்கு முன்னால், கூப்பிடாமல் கல்யாணத்துக்கு வந்த சித்தப்பா மாதிரி வெர்மான்ட் விற்பனை வரி வந்து உட்கார்ந்திருக்கிறது. முன்பெல்லாம் வெளிமாநிலக் கடைக்காரர்கள் இதைக் கேட்டதே இல்லை. பிறகுதான் பெட்டி எந்த மாநிலத்து வாசலில் இறங்குகிறதோ அந்த மாநிலத்து வரியைக் கடைக்காரரே வாங்கிக் கட்ட வேண்டும் என்று ஆகிவிட்டது. நான் கம்ப்யூட்டரோடு சண்டை போடுவது பக்கத்து வீட்டு ஆர்லோவின் காதில் விழுந்து, வேலிக்கு மேலே தலையை நீட்டினான்.

“ஏன்யா, நீ என்ன அனாதையா? ஆத்துக்கு அந்தப் பக்கம் மச்சான் இருக்காருல்ல? அவரு விலாசத்தைப் போடேன்!”

உங்கள் நியூ ஹாம்ப்ஷயரில் விற்பனை வரியே கிடையாது என்பதால் எங்கள் ஊரில் இது ஊரறிந்த ரகசியம். அக்கரையில் உறவில்லாதவனைப் பார்த்து ஊரே பரிதாபப்படும். ஆர்லோவின் மகனுக்கு உங்கள் கரையில் பெண் அமைந்தபோது, பெண் எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. பெண் வீட்டு வராந்தாவுக்குக் கூரை இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள். எனக்கு நாற்பது வருஷமாக மச்சான் இருந்தும், அந்தக் கூரையை உபயோகிக்கத் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

உங்களுக்குப் போன் செய்தேன். “பெட்டி ஒண்ணு வரும் மச்சான், சனிக்கிழமை வந்து எடுத்துக்கறேன்” என்றேன். “சரி” என்றீர்கள். அந்தச் “சரி”யும் எனக்குப் புரியவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். சனிக்கிழமை பாலத்தைத் தாண்டி வந்தால், நீங்கள் பெட்டிமேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆடும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

“வாய்யா மாப்ளே. உங்க ஊர்ல பனி தள்ளறதுக்கும் வரி போட்டுட்டாங்களா?”

“பனிக்கு இல்ல மச்சான், எந்திரத்துக்கு.”

“அடுத்த வருஷம் பனிக்கும் போடுவாங்க, பாரு. மூச்சை உள்ள இழுக்கறதுக்கு ஒண்ணு, வெளிய விடறதுக்கு ஒண்ணு. சரி சரி, வந்ததுதான் வந்தே, பீன்ஸ் அடுப்புல இருக்கு. தின்னுட்டுப் போ.”

நான் மறுத்தேன். நீங்கள் இரண்டாவது தடவை கூப்பிடவில்லை, கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டீர்கள். நின்று யோசித்தேன், குளிர் உள்ளே போகிறதே என்று நானும் போனேன். உப்புப் பன்றிக்கறியும் வெல்லப்பாகும் போட்டு நாள் முழுக்க வெந்த அந்தப் பீன்ஸில் முதல் கரண்டியை வாயில் வைத்ததும் நிமிர்ந்து அடுப்புச் சட்டியைப் பார்த்தேன். கொரினின் கைப்பக்குவம் அப்படியே இருந்தது. உங்கள் அம்மாவிடம் இரண்டு பேரும் ஒரே சட்டியில் கற்றுக்கொண்டது என்று அப்போதுதான் சொன்னீர்கள். இத்தனை வருஷம் இந்தப் பீன்ஸ் இன்னொரு வீட்டிலும் வேகிறது என்பது எனக்குத் தெரியாமல் போயிற்றே. அன்று தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டே சாப்பிட்டேன். நீங்கள் அதைப் பார்த்தும் பாராதவர் போல நாயைத் திட்டிக்கொண்டிருந்தீர்கள். அதற்கு முதல் நன்றி.

அதற்குப் பிறகு எனக்குத் தேவைகள் பெருகிவிட்டன. துளை போடும் கருவி, மேசை விளக்கு, முழங்காலுக்கு மின்சார ஒத்தடப் பை, எந்தக் கிண்ணத்துக்கும் பொருந்தாத மூடிகள் என்று வாரா வாரம் ஏதாவது ஒன்று உங்கள் வராந்தாவில் இறங்கிக்கொண்டே இருந்தது. நீங்கள் ஒரு தார்ப்பாய் வாங்கிப் போட்டீர்கள். பெட்டிகள் நனையாமல் இருக்க அடியில் பலகை அடித்தீர்கள். என் வண்டி பின்பக்கமாக வந்து நிற்பதற்காகப் பனியை அகலமாக ஒதுக்கி வைத்தீர்கள். ஏன் இவ்வளவு வாங்குகிறாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. உங்களைப் போல அடுத்தவன் விஷயத்தில் தலையிடாத மனிதரை நான் பார்த்ததில்லை. கரடி வந்தபோதுகூட அதை முதலில் கேள்வி கேட்காமல்தான் விரட்டினீர்கள்.

கரடி விஷயத்தையும் எழுதிவிட வேண்டும். வர்ஜீனியாவிலிருந்து புகைபோட்ட பன்றித் தொடை ஒன்றை வரவழைத்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூரியர்காரர் அதை உங்கள் வராந்தாவில் வைத்துவிட்டுப் போக, சனிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகக் கரடி வந்திருக்கிறது. நான் காலையில் வந்தபோது நீங்கள் நீள உள்ளாடையும் ரப்பர் பூட்ஸுமாக, ஒரு கையில் வாணலி, ஒரு கையில் கரண்டியோடு முற்றத்தில் நின்று மரத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கிறீர்கள். காவலுக்கு வளர்த்த மேஜர் உங்கள் கட்டிலுக்கு அடியில். தார்ப்பாய் கிழிந்து கிடக்கிறது, பெட்டியில் எலும்புகூட மிச்சமில்லை. எனக்கு உங்கள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாகப் போய்விட்டது. “மன்னிச்சுக்கங்க மச்சான், என்னாலதான் இவ்வளவும்” என்றேன். நீங்கள் வாணலியை இறக்கிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தீர்கள்.

“தின்னுட்டுப் போகட்டும் மாப்ளே. முழுத் தொடையையும் ஒரு காசு வரி கட்டாமத் தின்னுச்சு பாரு, அதுதான்யா எங்க ஊர்க் கரடி!”

நீங்கள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கொரினுக்கும் சிரிப்பு அப்படித்தான், முதலில் தோள் குலுங்கும், அப்புறம்தான் சத்தம் வரும்.

மெத்தை வந்தது அதற்கு அடுத்த வசந்தகாலத்தில். காற்றை உறிஞ்சி, சுருட்டி, பிளாஸ்டிக்கில் இறுக்கி அனுப்பும் மெத்தை. நீங்கள் அதை மழைக்குப் பயந்து சமையலறையில் கொண்டுபோய் வைத்திருந்தீர்கள். “ரெட்டைக் கட்டில் மெத்தைன்னு போட்டிருக்கான், உள்ள இருக்கறது தலகாணி அளவுதான். உன்னை நல்லா ஏமாத்திட்டாங்க மாப்ளே” என்றீர்கள். நான் இது விரியும் என்றேன். நீங்கள் எது விரியும் என்றீர்கள். நான் சொல்லச் சொல்லப் பேனாக்கத்தியை எடுத்து ஒரு கோடு கிழித்தீர்கள். அது பெருமூச்சு விட்டுக்கொண்டு எழுந்ததே, என்னால் மறக்க முடியாது. மேசைக்கும் அடுப்புக்கும் நடுவில் அது விரிந்துகொண்டே போக, நாற்காலிகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்க, கடைசியில் பின்கதவும் அடைபட்டு, மேஜர் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு குரைக்க, நீங்கள் கத்தியை மூடிப் பையில் போட்டுக்கொண்டு, “சரிதான், ஏமாத்தலை” என்றீர்கள். மேசைக்குப் போக வழியில்லாததால் இரண்டு பேரும் மெத்தைமேல் உட்கார்ந்தே பீன்ஸ் சாப்பிட்டோம்.

அதை என் பிக்கப் வண்டியில் ஏற்றிக் கட்டியது நீங்கள்தான், கயிறும் உங்களுடையதுதான், அதனால் பாலத்தின் நடுவில் முடிச்சு அவிழ்ந்ததற்கு என்னைக் குறை சொல்ல முடியாது. ஆற்றுக் காற்றில் மெத்தை எழுந்து நின்றது, ஒரு கணம் யோசித்தது, பிறகு பாலத்தின் குறுக்கே படுத்துக்கொண்டது. முன்னாலும் வண்டிகள், பின்னாலும் வண்டிகள், எல்லாரும் ஹாரன் அடிக்கிறார்கள். ஒத்தாசைக்கு உங்கள் வண்டியில் பின்னாலேயே வந்த நீங்கள் கீழே இறங்கி, இத்தனை கூச்சலிலும் குரலெடுத்துக் கத்தினீர்கள்.

“கவலைப்படாத மாப்ளே! ஆறு பூரா எங்களுக்குத்தான் சொந்தம், உங்க கரையில தண்ணி தொடுற இடம் வரைக்கும்! மெத்தை இன்னும் எங்க மாநிலத்துலதான் படுத்திருக்கு, வரி கிடையாது!”

எங்கள் ஊர்ப் போலீஸ்காரர் பெர்லி நடந்தே வந்து சேர்ந்தார். “இது யாரோட மெத்தை?” என்றார். நீங்கள் உடனே முன்னால் வந்து, “என்னோடது. காத்தாட எடுத்துட்டுப் போறேன்” என்றீர்கள். பெர்லி உங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மெத்தையில் ஒட்டியிருந்த விலாசச் சீட்டைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “என் கொழுந்தியா வீட்லயும் எனக்கு ஒரு சோபா கிடக்குய்யா. காத்து அடங்கட்டும்னு பாக்கறேன். சீக்கிரம் தூக்குங்க” என்று சொல்லி, ஒரு முனையை அவரே பிடித்தார். அன்று எனக்காக ஒரு போலீஸ்காரரிடம் பொய் சொன்னீர்களே, மச்சான், என் சொந்த அண்ணன் எனக்காக அதைச் செய்திருக்க மாட்டான்.

எல்லாவற்றையும்விட நான் அதிகமாக நினைத்துப் பார்ப்பது போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமையை. கொரினின் பிறந்தநாள் அது. வர வேண்டிய பெட்டி வரவில்லை, வழியில் எங்கோ நிற்கிறது என்று கடைக்காரர் காலையிலேயே செய்தி அனுப்பிவிட்டார். நான் அதைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன். உங்கள் வராந்தா வெறுமையாக இருந்தது. “வந்துச்சா மச்சான்?” என்று கேட்டேன்.

“வரலையே.”

“அப்படியா? வந்திருக்கும்னு நெனச்சேன்.”

“வரலை. ஆனா நீ வந்துட்டியே. உள்ள வா.”

அன்றைக்கு நாம் கொரினைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் மூன்று தட்டு எடுத்து வைத்துவிட்டு, பிறகு ஒன்றை அலமாரியில் திருப்பி வைத்தீர்கள். நான் கிளம்பும்போது, “இரு இரு” என்று சொல்லிக் கார் கொட்டகைக்குள் போய், ஒரு பழைய பெட்டியில் எதையோ போட்டு, டேப் ஒட்டிக் கொண்டுவந்தீர்கள். “இதை எடுத்துட்டுப் போ. வெறுங்கையோட போனா சும்மா வந்த மாதிரி இருக்கும்” என்றீர்கள். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தேன். கதவுக் கீல் ஒன்று, காலி ஜாடி இரண்டு, பாதி தீர்ந்த பெயின்ட் டப்பா. எல்லாம் என் மேசைமேல்தான் இருக்கின்றன, டெல்ஃபின் தூக்கிப் போடப் பார்த்தபோது அவளோடு சண்டை பிடித்தேன்.

இனி எப்படி இது முடிவுக்கு வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மார்ச் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை, வழக்கம்போல, எங்கள் ஊர்க்கூட்டம். பள்ளிக்கூட ஹாலில் மடக்கு நாற்காலிகள், பின்னால் பெண்கள் சுட்டுக் கொண்டுவந்த ஆப்பிள் பை பலகாரங்கள், மேடையில் சாலைப் பொறுப்பாளர். பனி வாரும் லாரியின் அடித்தகடு துருப்பிடித்து, உள்ளே உட்கார்ந்தால் சாலை தெரிகிறது என்றார். புது லாரிக்காக விற்பனை வரியோடு ஊருக்கென்று இன்னும் கொஞ்சம் சேர்க்கலாமா என்று கேட்டார்கள். ஹால் முழுக்கக் கை தூக்கியது. நானும் தூக்கினேன், ஆர்லோ இரண்டு கையையும் தூக்கினான். பள்ளிக்கூடம் வேண்டும், லாரி வேண்டும், வரி கட்டாத ஊர் உருப்படாது என்று பேசிவிட்டு ஆப்பிள் பை தின்றோம். அதே வாரம் சனிக்கிழமை பாலத்தில் பார்த்தால், கை தூக்கிய அத்தனை பேரும் காலி வண்டிகளோடு வரிசையில் நிற்கிறோம். யாரும் யாருக்கும் கை அசைக்கவில்லை. எல்லாருக்கும் திடீரென்று ஆற்று மேல் ரொம்ப ஈடுபாடு வந்துவிட்டது.

அந்த வெட்கம் ஆறுவதற்குள் டெல்ஃபின் என் வருமான வரிப் படிவத்தை நிரப்ப வந்து உட்கார்ந்தாள். “அப்பா, போன வருஷம் வெளி மாநிலக் கடையில விற்பனை வரி கட்டாம ஏதாவது வாங்கினீங்களா?” என்றாள்.

“நான் எங்க வாங்கினேன்? எல்லாம் உன் மாமா வீட்டுக்குத்தானே வந்துச்சு.”

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். உங்கள் தங்கை பேனாவைக் கீழே வைத்தால் எனக்கு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

“பெட்டி எங்க இறங்குச்சுன்னு யாரும் கேக்கலப்பா. பொருளை எங்க வெச்சுப் புழங்கறீங்க? அந்த மெத்தை எங்க இருக்கு?”

“என் கட்டில்ல.”

“கட்டில் எங்க இருக்கு?”

“…இங்கதான்.”

“அப்ப கடைக்காரர் வாங்காத வரியை நீங்களே கட்டணும். இதோ, படிவத்துலயே அதுக்கு இடம் விட்டிருக்காங்க. எத்தனையோ வருஷமா இருக்கு.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்னவோ பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டு பாலத்தில் போய் வந்திருக்கிறேன். வரி அதே வரிதான், பெட்ரோல் செலவுதான் மிச்சம். சரி கட்டித் தொலை என்றேன். அவள் அதற்கு முந்தைய வருஷத்து ரசீதுகளையும் சேர்த்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தினாள்.

“அப்பா, இது கம்பளி சாக்ஸ்.”

“ஆமா, குளிருது.”

“நம்ம மாநிலத்துல துணிக்கு விற்பனை வரியே கிடையாதேப்பா. இந்தப் பன்றித் தொடையும் அப்படித்தான், சாப்பாட்டுக்கும் வரி கிடையாது. இதையெல்லாம் எதுக்கு மாமா வீட்டுக்கு அனுப்பினீங்க?”

நான் “பழக்கம்” என்றேன். அவள் எழுந்துபோய்க் காப்பி போட்டாள். அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன், மச்சான். துணிக்கு வரி இல்லை என்பது வெர்மான்டில் பிறந்த எனக்குத் தெரியாதா? சாக்ஸ் எனக்கு வேண்டியிருக்கவில்லை. சனிக்கிழமை வருவதற்கு ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. உங்களைப் பார்த்தால் அவள் இன்னும் எங்கேயோ பக்கத்தில் இருக்கிற மாதிரி இருக்கிறது. முதலில் அதற்காகத்தான் வந்தேன். அப்புறம் அப்புறம் உங்களுக்காகவேதான் வந்தேன்.

ஆனால் யோசித்துப் பார்த்தால், என் சனிக்கிழமைக்காக உங்கள் வாரம் முழுவதும் கெட்டிருக்கிறது. கரடியை விரட்டினீர்கள், போலீஸிடம் பொய் சொன்னீர்கள், பிப்ரவரியில் என் புத்தக அலமாரியை நகர்த்தப்போய் இடுப்பு பிடித்துக்கொண்டு நிமிர முடியாமல் கிடந்தீர்கள், அதையும் நீங்களாகச் சொல்லவில்லை, மேஜருக்கு உணவு வைக்க நீங்கள் குனியாததைப் பார்த்து நானாகத் தெரிந்துகொண்டேன். வரி மிச்சமாகிறது என்ற சாக்கு இருந்தவரைக்கும் சரி. இனி வரியையும் கட்டிவிட்டு, பெட்டியையும் உங்கள் தலையில் இறக்கினால் அதற்கு என்ன பெயர்? நியாயமாக நடந்துகொள்வது என்று முடிவு செய்து உங்களுக்குப் போன் செய்தேன். நீங்கள் “சரி” என்றீர்கள்.

ஆகவே, இனி என் சாமான்கள் என் வீட்டு வாசலுக்கே, உரிய வரியோடு வந்து சேரும். உங்கள் வராந்தாவை நீங்கள் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கிழிந்த தார்ப்பாய்க்குப் பதில் புதிது வாங்கித் தருகிறேன் என்றால் கோபப்படுவீர்கள், அதனால் கேட்கவில்லை. நான் தனியாகிப்போன நேரத்தில் கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போனீர்களே, அதற்குச் சரியான நன்றி எனக்கு எழுதத் தெரியவில்லை. சனிக்கிழமை காலையில் வண்டிச் சாவியை எடுக்காமல் இருக்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். போன சனிக்கிழமை இருந்தது. பழகிக்கொள்வேன்.

தங்கள் இடுப்பு சீக்கிரம் குணமாகவும், தங்கள் கரையில் என்றும் வரி வராமல் இருக்கவும், மேஜருக்குக் கொஞ்சம் துணிச்சல் வரவும் கடவுள் அருள வேண்டும். டெல்ஃபின் தன் மாமாவுக்கு முத்தங்களைச் சொல்லச் சொன்னாள்.

என்றும் நன்றி மறவாத,
மாப்பிள்ளை
லூசியன் ரோபிடோ

பின்குறிப்பு: மச்சான், உறையை ஒட்டிவிட்டுத் திரும்பப் பிரித்து இதை எழுதுகிறேன். தபால் தலையைத் தேடிக்கொண்டிருக்கும்போது கூரியர் வண்டி வாசலில் வந்து நின்று, ஒரு கனத்த பெட்டியை இறக்கியது. நான் ஒன்றும் கேட்கவில்லையே என்று போய்ப் பார்த்தால், பெட்டிமேல் பெரிய எழுத்தில் ஹோலிஸ் கோல்பர்ன் என்று இருக்கிறது. “தம்பி, இவரு ஆத்துக்கு அந்தப் பக்கம்” என்று சொன்னேன். அந்தப் பையன் சீட்டைக் காட்டி, “இல்லீங்க, கேர் ஆஃப் லூசியன் ரோபிடோ, ஹாரோ ஃபால்ஸ், வெர்மான்ட். உங்க விலாசம்தானே?” என்றான்.

பறவைத் தீனி, ஒரு முழு மூட்டை. உங்கள் தெருமுனைக் கடையிலேயே அடுக்கி வைத்து விற்கிறார்கள். ஒட்டியிருந்த பில்லைப் பார்த்தேன், தப்பாக நினைக்க வேண்டாம். நான் போன் செய்த அன்றே, போனை வைத்த கையோடு ஆர்டர் போட்டிருக்கிறீர்கள். வெர்மான்ட் விற்பனை வரி, முழுசாக. பிறந்ததிலிருந்து ஒரு காசு விற்பனை வரி கட்டாத மனிதர், கரடிகூட வரி கட்டாத ஊர்க்காரர், எங்கள் மாநிலத்துக்கு வரி கட்டியிருக்கிறார்! நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பையன் உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டான்.

எந்தச் “சரி” என்று இப்போது புரிந்துவிட்டது. மேலே எழுதியதில் நன்றியை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் கிழித்துப் போட்டுவிடவும். பெட்டி ரொம்பக் கனம், அந்த இடுப்போடு நீங்கள் தூக்கக் கூடாது, நான் தூக்கித் தருகிறேன். சனிக்கிழமை வாருங்கள். பாலத்தைத் தாண்டும்போது எங்கள் மாநிலத்தை வாய் வலிக்கத் திட்டிக்கொண்டே வந்தாலும் பரவாயில்லை, வந்தால் போதும்.